பழைய கிடார் பெடலுக்கு ட்ரூ பைபாஸ்: கம்ப்யூட்டரில் அளந்து, பிறகு மாற்றுவோம்

கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிட்டீர்கள். திரை இருண்டுவிட்டது. உள்ளே சுற்றிய பேனும் நின்றுவிட்டது. இப்போது டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம், நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் அங்கே ஒரு சிறிய விளக்கு இன்னும் எரிந்து கொண்டிருக்கும். பெரும்பாலான பவர் சப்ளைகள், ஷட் டவுன் ஆன பிறகும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்பிக் கொண்டே இருக்கும். சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்தால்தான் அது உண்மையான ஆஃப்.

இதே போன்ற ஒரு "பொய்யான ஆஃப்" பழைய கிடார் எபெக்ட் பெடல்களிலும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நம் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். சரி செய்ய ஒரு ஸ்விட்சும், சாலிடரிங் அயர்னும், ஒரு மாலைப் பொழுதும் வேண்டும். கிடார் வாசிக்காதவர்களும் படிக்கலாம். கம்ப்யூட்டரில் ஒலியைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் வழி எல்லாருக்கும் பயன்படும்.

மாமாவின் சந்தேகம்

என் மாமா இளம் வயதில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், பரணிலிருந்து கிடாரையும், பழைய வா பெடல் ஒன்றையும், ஆம்ப்ளிபையரையும் இறக்கி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். ஒரு மாதம் கழித்து நான் போனபோது உற்சாகம் குறைந்து உட்கார்ந்திருந்தார்.

"சவுண்ட் முன்ன மாதிரி இல்லடா. கம்பளி போத்தின மாதிரி வருது. வயசாயிடுச்சுல்ல, காது போயிடுச்சு போல" என்றார்.

பெடலை ஆஃப் செய்துதான் வாசித்துக் கொண்டிருந்தார். ஆகவே அதன் மேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. நான் கிடாரின் கேபிளைப் பெடலிலிருந்து பிடுங்கி நேராக ஆம்ப்ளிபையரில் செருகினேன். ஒலி சற்றுத் தெளிவானது போல எனக்குத் தோன்றியது. ஆனால் "தோன்றியது" என்பதை நம்பி, 40 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு பொருளில் கை வைக்கலாமா? அளந்து பார்த்து விடுவோம் என்று முடிவு செய்தேன்.

வா பெடல் என்பது என்ன?

எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்ற பகுதி இருக்கும். காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பியும்தான் பிக்கப். கிடார் கம்பி அதிரும்போது இதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அதை ஆம்ப்ளிபையர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இடையில் வைத்து, ஒலியின் தன்மையை மாற்றும் சிறிய பெட்டிதான் எபெக்ட் பெடல். காலால் அழுத்தி ஆன், ஆஃப் செய்யலாம்.

வா பெடல் 1966ல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிறந்தது. ஆம்ப்ளிபையரில் இருந்த விலை கூடிய ஒரு ஸ்விட்சுக்குப் பதிலாகத் திருகும் கண்ட்ரோல் ஒன்றை வைக்க பிராட் ப்ளங்கெட் என்ற இஞ்சினியர் முயன்றார். அதைத் திருகியபோது கிடார் "வா... வா..." என்று பேசுவது போல ஒலித்தது. 1967ல் அது கால் பெடலாக விற்பனைக்கு வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968ல் வெளியிட்ட 'வூடூ சைல்ட் (ஸ்லைட் ரிட்டர்ன்)' பாடலின் தொடக்கத்தில் கேட்பது இந்த ஒலிதான்.

ஆஃப் செய்தும் ஏன் ஆஃப் ஆகவில்லை?

பழைய வா பெடல்கள் பலவற்றில் மூன்றே முனைகள் உள்ள எளிய ஸ்விட்ச் ஒன்று இருக்கும். எலக்ட்ரானிக்சில் இதை எஸ்.பி.டி.டி. ஸ்விட்ச் என்பார்கள். அது பெடலின் அவுட்புட்டை மட்டும் மாற்றும். ஆன் செய்தால், சர்க்யூட்டிலிருந்து வரும் ஒலி வெளியே போகும். ஆஃப் செய்தால், கிடாரிலிருந்து வரும் ஒலி நேராக வெளியே போகும். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு நிலையிலும் சர்க்யூட்டின் இன்புட், கிடாரோடு இணைந்தே இருக்கிறது. அதை யாரும் கழற்றி விடுவதில்லை.

மாடியில் குளித்துக் கொண்டிருக்கும்போது கீழே யாரோ குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? ஷவரில் தண்ணீர் மெலிந்துவிடும். இங்கேயும் அதே கதைதான். ஆம்ப்ளிபையர்களின் கிடார் இன்புட், பொதுவாக 10 லட்சம் ஓம் அளவுக்கு உயர்ந்த இம்பீடன்ஸ் கொண்டது. அதாவது, மிகக் குறைவாக மட்டுமே மின்சாரத்தை எடுத்துக் கொள்ளும். பழைய வா பெடலின் இன்புட் அப்படி அல்ல. அதன் இம்பீடன்ஸ் பொதுவாக ஒரு லட்சம் ஓமுக்கும் கீழே. அதுதான் கீழே திறந்த குழாய்.

அப்படியானால் எல்லா ஒலியும் ஒரே அளவில் குறைய வேண்டுமே, ஏன் ஒலி மங்குகிறது என்று கேட்கலாம். பிக்கப் ஒரு கம்பிச் சுருள் அல்லவா? ஒலியின் அதிர்வெண் கூடக் கூட, அதன் சொந்த இம்பீடன்சும் கூடுகிறது. கீழ் ஸ்தாயியில் சில ஆயிரம் ஓம் இருப்பது, 4,000 ஹெர்ட்ஸ் அருகில் பல பத்தாயிரம் ஓம் ஆகிவிடுகிறது. எனவே கனத்த ஒலிகள் ஏறக்குறைய அப்படியே தப்பித்துக் கொள்கின்றன. கணீர் என்ற உயர் ஒலிகள்தான் இழக்கப்படுகின்றன. மாமா சொன்ன கம்பளி இதுதான்.

ஸ்விட்சை ஆஃப் செய்தால் சர்க்யூட்டின் இன்புட், அவுட்புட் இரண்டுமே முழுதாகத் துண்டிக்கப்பட வேண்டும். கிடாரின் ஒலி வெறும் வயர் வழியாகப் போக வேண்டும். இந்த அமைப்புக்குத்தான் ட்ரூ பைபாஸ் என்று பெயர்.

அளக்கப் போய் நான் செய்த தவறு

இதற்கு ஆடாசிட்டி என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தினேன். இது இலவசம். 2000ஆம் ஆண்டு முதல் கிடைத்து வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஒலியைப் பதிவு செய்யவும், வெட்டி ஒட்டவும், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று வரைபடமாகப் பார்க்கவும் முடியும்.

முதலில், கிடாரைப் பெடல் வழியாக (ஆஃப் நிலையில்) லேப்டாப்பின் மைக் ஜாக்கில் இணைத்துப் பதிவு செய்தேன். பிறகு பெடல் இல்லாமல் நேராகப் பதிவு செய்தேன். இரண்டு வரைபடங்களையும் பார்த்தால், வித்தியாசமே இல்லை!

பெடலில் குறையில்லை, மாமாவின் காதில்தான் குறை என்று சொல்லி விடலாமா? போனைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் வரைபடத்தை மீண்டும் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. பெடல் இல்லாத பதிவிலும் உயர் ஒலிகள் மிகக் குறைவாகவே இருந்தன.

அப்போதுதான் என் தவறு புரிந்தது. லேப்டாப்பின் மைக் ஜாக் சிறிய மைக்குகளுக்காகச் செய்யப்பட்டது. அதன் இம்பீடன்ஸ் வெறும் சில ஆயிரம் ஓம் அளவில்தான் இருக்கும். பெடலைவிடப் பெரிய குழாயை நானே திறந்து வைத்துவிட்டேன். பெடல் திருடுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் திருடிவிட்டது. பிறகு வித்தியாசம் எப்படித் தெரியும்?

இது எல்லா வகை அளவீட்டுக்கும் பொருந்தும் பாடம். கம்ப்யூட்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினால் அது உண்மை என்று உடனே நம்பிவிடுகிறோம். அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை மாற்றிவிடவில்லையா என்று முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

சரியாக அளப்பது எப்படி?

நண்பர் ஒருவரிடம் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றை இரவல் வாங்கினேன். இது சவுண்ட் கார்டின் வேலையைச் செய்யும் தனிப் பெட்டி, யு.எஸ்.பி. போர்ட்டில் இணைக்கலாம். வாங்கும்போதோ இரவல் பெறும்போதோ, அதில் கிடாருக்கென்று தனியாக "இன்ஸ்ட்" அல்லது "ஹை-இசட்" என்று குறிக்கப்பட்ட இன்புட் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இன்புட், ஆம்ப்ளிபையரைப் போலவே உயர்ந்த இம்பீடன்ஸ் கொண்டது. பின்பு கீழ்க்காணும் வரிசையில் செயல்படுங்கள்.

1. ஆடாசிட்டியைத் திறந்து, ரிக்கார்டிங் சாதனமாக உங்கள் இன்டர்பேஸைத் தேர்ந்தெடுங்கள். மோனோ பதிவு போதும். சாம்பிள் ரேட் 44,100 இருக்கட்டும்.

2. கிடாரின் வால்யூம், டோன் கண்ட்ரோல்களை முழுதாகத் திறந்து வையுங்கள். இன்டர்பேஸின் கெயின் குமிழை, ஒலி அளவு சிவப்பைத் தொடாதபடி வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள்.

3. முதல் பதிவு பெடல் இல்லாமல். பெடலுக்கு இரண்டு கேபிள்கள் தேவை என்பதால், இப்போதும் அதே இரண்டு கேபிள்களை ஒரு ஜாயிண்டர் கொண்டு இணைத்துப் பயன்படுத்துங்கள். கேபிளின் நீளமும் உயர் ஒலியைக் குறைக்கும். எனவே இரண்டு பதிவிலும் கேபிள் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு நியாயமானது.

4. ஆறு கம்பிகளையும் விரல் வைக்காமல் மீட்டி, மூன்று வினாடி ஒலிக்க விடுங்கள். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் 10 முறை செய்யுங்கள்.

5. ஜாயிண்டர் இருந்த இடத்தில் பெடலை வைத்து, ஆஃப் நிலையில் மீண்டும் 10 முறை பதிவு செய்யுங்கள்.

6. ஒரு பதிவைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதில் கிளிக் செய்யுங்கள். சைஸ் 4096, ஆக்சிஸ் லாக் என அமைத்துக் கொள்ளுங்கள். அடுத்த பதிவுக்கும் அதே அமைப்பு. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒலியைப் பெடலுக்குள் அனுப்பி அளந்தால் என்ன என்று சிலர் யோசிக்கலாம். அதில் குறை தெரியாது. ஹெட்போன் ஜாக் வலுவானது; குழாய் திறந்திருந்தாலும் அதன் அழுத்தம் குறையாது. பிக்கப் போன்ற மெலிந்த மூலத்தோடு அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

இம்முறை வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 500 ஹெர்ட்ஸ் வரை இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டியே சென்றன. அதற்கு மேல் பிரியத் தொடங்கி, 4,000 ஹெர்ட்ஸ் அருகில் சுமார் 6 டெசிபல் குறைந்திருந்தது. 6 டெசிபல் என்றால் மின்னழுத்தம் பாதியாகிவிட்டது என்று பொருள். ஆஃப் செய்த பெடல் இத்தனையும் விழுங்கியிருக்கிறது. மாமாவிடம் போனில் சொன்னேன். சில நொடி பேச்சில்லை. பிறகு, "அப்ப காது இல்லியா?" என்றார்.

ஸ்விட்சை மாற்றுவோம்

பழைய பெடலில் வேலை செய்வதற்கு முன் உரிமையாளரின் சம்மதம் வாங்குங்கள். சேகரிப்பாளர்கள் பழைய பெடல்களுக்கு நல்ல விலை தருவார்கள். உள்ளே எதையாவது மாற்றினால் அந்த விலை குறையலாம். மாமா ஒரே நிபந்தனை போட்டார். "எப்ப வேணும்னாலும் பழையபடி மாத்தற மாதிரி செய்."

எனவே மூன்று விதிகள் வைத்துக் கொண்டேன். புதிதாக எந்த ஓட்டையும் போடக் கூடாது. சர்க்யூட் போர்டில் எதையும் கழற்றக் கூடாது. கழற்றும் ஸ்விட்சைத் தூக்கிப் போடக் கூடாது.

இதற்கு ஏற்றது ஆறு முனைகள் கொண்ட டி.பி.டி.டி. கால் ஸ்விட்ச். எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும். ஒன்பது முனைகள் கொண்ட 3.பி.டி.டி. ஸ்விட்ச் வாங்கினால், பெடல் ஆனில் இருப்பதைக் காட்ட ஒரு எல்.இ.டி. விளக்கும் வைக்கலாம். ஆனால் விளக்குக்குப் பெட்டியில் ஓட்டை போட வேண்டுமே? பழைய பெடலுக்கு அது வேண்டாம் என்று ஆறு முனை ஸ்விட்சையே வாங்கினேன்.

முதலில் பாட்டரியையும் கேபிள்களையும் கழற்றி விடுங்கள். அடிப்பலகையைத் திறந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று மொபைல் போனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் சேமித்து, பெடலின் பெயரைப் போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது பழையபடி மாற்ற நினைத்தால், அவருக்கு இதுதான் வரைபடம்.

பழைய ஸ்விட்சின் வயர்களைச் சாலிடர் உருக்கிக் கழற்றுங்கள். வெட்டாதீர்கள், வயர் குட்டையாகிவிடும். புதிய ஸ்விட்சை, முனைகள் இரண்டு நெடுவரிசையாக நிற்கும்படி பிடியுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று முனைகள். இணைப்புகள் இவைதான்:

முதல் வரிசை நடுமுனை: கிடார் செருகும் இன்புட் ஜாக்.
இரண்டாம் வரிசை நடுமுனை: அவுட்புட் ஜாக்.
இரண்டு மேல்முனைகளும்: ஒரு சிறிய வயரால் ஒன்றோடொன்று.
முதல் வரிசை கீழ்முனை: சர்க்யூட்டின் இன்புட்.
இரண்டாம் வரிசை கீழ்முனை: சர்க்யூட்டின் அவுட்புட்.

நடுமுனைகள் மேலே சேர்ந்தால், ஒலி சிறிய வயர் வழியாக நேரே போகும். கீழே சேர்ந்தால் சர்க்யூட் வழியாகப் போகும். பழைய அமைப்பில் இன்புட் ஜாக்கிலிருந்து நேராகச் சர்க்யூட்டுக்குப் போகும் வயர் ஒன்று இருக்கும். அதன் ஜாக் பக்க முனையைக் கழற்றி, முதல் வரிசை கீழ்முனையில் இணைக்க வேண்டும். இதை மறந்தால் புதிய ஸ்விட்ச் போட்டும் பயனில்லை. பழைய குழாய் திறந்தபடியே இருக்கும்.

ஸ்விட்சை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் "டப்" என்று சத்தம் வந்தால், சர்க்யூட்டின் இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்றைச் சேருங்கள். பெரும்பாலும் குறைந்துவிடும். இதையும் ஸ்விட்சின் முனையிலேயே சாலிடர் செய்யலாம்; போர்டைத் தொட வேண்டாம்.

25 வாட் சாலிடரிங் அயர்ன் போதும். ஒரு முனையில் மூன்று வினாடிக்கு மேல் சூட்டை வைக்காதீர்கள். ஸ்விட்சின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முடித்ததும் கை கழுவுங்கள்.

கடைசியாக ஸ்விட்சின் உயரம். வா பெடலில் ஸ்விட்ச் மிதிப்பலகைக்கு அடியில் இருக்கும். உயரம் கூடினால், பெடலை ஆட்டும்போதே ஸ்விட்ச் அழுந்தும். குறைந்தால், எவ்வளவு மிதித்தாலும் அழுந்தாது. ஸ்விட்சில் உள்ள நட்டுகளை ஏற்றி இறக்கிச் சரி செய்யலாம். சாலிடர் வேலையைவிட இதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இன்னொன்று. இத்தகைய பெடல்களில், இன்புட் ஜாக்கில் கேபிள் செருகினாலே பாட்டரி இணைந்துவிடும். ட்ரூ பைபாஸ் செய்தாலும் இது மாறாது. வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வைத்தால்தான் பாட்டரி நீடிக்கும்.

எல்லாப் பெடலுக்கும் இது தேவையா?

இல்லை. ட்ரூ பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் உள்ள பெடல்களையெல்லாம் பிரித்து விடாதீர்கள். பாஸ் போன்ற நிறுவனங்களின் பல பெடல்களில் பபர் என்ற சிறிய சர்க்யூட் எப்போதும் இயங்கிக் கொண்டிருக்கும். அது கிடாரின் மெலிந்த ஒலியை வலுவாக்கி அனுப்புகிறது. அவற்றில் உள்ள ஸ்விட்ச் எலக்ட்ரானிக் முறையில் இயங்குவது. மேலே சொன்ன முறை அதற்குப் பொருந்தாது.

பபர் நல்லதும்கூட. கிடார் கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோபேரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். ஐந்தாறு ட்ரூ பைபாஸ் பெடல்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றையும் ஆஃப் செய்தால், அது ஒரே நீளமான கேபிளுக்குச் சமம். உயர் ஒலி அதிலும் குறையும். அங்கே பபர் உள்ள பெடல் ஒன்று முன்னால் இருந்தால் பிரச்னை தீர்ந்துவிடும். உங்களிடம் அப்படி ஒரு பெடல் ஏற்கெனவே இருந்தால், அதை வா பெடலுக்கு முன்னால் வைத்து முதலில் அளந்து பாருங்கள். சாலிடரிங் அயர்னைத் தொடாமலே வேலை முடிந்துவிடலாம். மாமாவிடம் இருப்பது ஒரே ஒரு பெடல். அதனால்தான் ஸ்விட்சை மாற்றினோம்.

காதுக்கு ஒரு பரீட்சை

வேலை முடிந்ததும் மீண்டும் அளந்தேன். பெடல் உள்ள கோடும் இல்லாத கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கொண்டன.

ஆனால் மாமாவுக்குக் கோடுகளில் நம்பிக்கை இல்லை. எனவே மாற்றுவதற்கு முன்பு செய்த பதிவையும் பின்பு செய்த பதிவையும் துண்டுகளாக வெட்டி, பெயர் இல்லாமல் 1 முதல் 10 வரை எண் மட்டும் கொடுத்து, வரிசையைக் கலைத்து பைல்களாகச் சேமித்தேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒவ்வொன்றும் கம்பளியா, தெளிவா என்று எழுதச் சொன்னேன். பத்தில் ஒன்பது சரி. விடைகளைச் சரி பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டே, "அந்த ஒண்ணு நான் இருமினப்ப வந்தது" என்றார்.

பழைய ஸ்விட்சை ஒரு சிறிய பிளாஸ்டிக் பையில் போட்டு, தேதியும் இணைப்பு விவரமும் எழுதி, பெடலின் அடிப்பலகைக்கு உட்புறம் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெடல் இருக்கலாம். திறப்பதற்கு முன் கம்ப்யூட்டரில் ஒருமுறை அளந்து பாருங்கள். மறக்காதீர்கள், மைக் ஜாக்கில் மட்டும் வேண்டாம்.